எதிர்க்காற்றும் இருபது தோணிகளும்



நமது தருமபுரி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனாலும் சிறு படகில் போகிறவர்களின் அச்சம் என்னவென்று நமக்குத் தெரியும். கர்நாடகத்தில் மழை வலுத்து, காவிரியில் நீர்வரத்து கூடும் நாள்களில் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்க மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. குடும்பத்தோடு ஆசையாய் வந்தவர்கள் முகம் வாடித் திரும்புகிறார்கள். அன்றைய கூலி போனாலும் பரிசல் ஓட்டிகள் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். என்றைக்குத் துடுப்பு போடலாம், என்றைக்குக் கூடாது என்பது ஆற்றோடு வாழ்கிற அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அக்கரையில் பசியோடு சிலர் நமக்காகக் காத்திருந்தால் என்ன செய்வது? கரையில் உட்கார்ந்திருக்க முடியுமா? துணிந்து போய் மூழ்குவதா? இந்தக் கேள்வி நம் தமிழ் மண்ணில் ஒரு புனிதரின் வாழ்வில் எழுந்தது. அவர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார்.

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இன்றைய ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில், சவேரியார் கோட்டையில் அவர் பிறந்தார். அது கடல் இல்லாத ஊர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவர் வாழ்வை மாற்றியது. 1534 ஆகஸ்ட் 15 அன்று தோழர்களோடு தம்மை இறைவனுக்கு அர்ப்பணித்தார். 1537-இல் குருவானார். 1541-இல், தமது 35-ஆவது பிறந்த நாளன்று, லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறினார்.

கடல் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அந்தப் பயணத்தில் இரண்டு மாதங்கள் கடல்நோயால் வாடியதாக அவரே மொசாம்பிக்கிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 13 மாதங்களுக்குப் பின், 1542 மே 6 அன்று கோவாவை அடைந்தார். அதே ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அங்கே பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கற்பிக்க ஆள் இல்லை. சவேரியார் தமிழ் தெரிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று குழந்தைகளை அழைத்தார்.

1544-ஆம் ஆண்டு சூன் மாதம் பெருந்துன்பம் வந்தது. வடுகர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட படையினர் தென்கோடிக் கடற்கரைக்குள் புகுந்தார்கள். குமரிமுனைப் பகுதி மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் கடலோரப் பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். அங்கே உணவும் இல்லை, குடிநீரும் இல்லை. பசியாலும் தாகத்தாலும் சாகும் நிலையில் இருந்தார்கள்.

செய்தி கேட்ட சவேரியார் 20 தோணிகளுடன் குமரியை நோக்கிப் புறப்பட்டார். மணப்பாட்டிலிருந்து குமரிமுனை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். ஆனால் சூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் காலம். போக வேண்டிய திசையும் தென்மேற்கு. காற்று நேராக முகத்தில் அடிக்கும்போது பாய் விரித்துப் பயனில்லை. துடுப்பு போட்டுப் பார்த்தார்கள். கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள். தோணிகள் குமரியை எட்டவில்லை. எட்டு நாள்கள் கடலிலேயே அலைக்கழிக்கப்பட்டதாக அவர் தம் உடன்பணியாளர் மான்சிலாஸ் என்பவருக்கு எழுதுகிறார். அத்தகைய காற்றில் தோணியில் இருப்பது என்னவென்று மான்சிலாசுக்கே தெரியும் என்றும் குறிப்பிடுகிறார்.

பிறகு அவர் திரும்பினார். புனிதர் என்றால் கையை உயர்த்திக் காற்றை அடக்கியிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அப்படி எதுவும் நடக்கவில்லை. தம்மோடு வந்த தோணிக்காரர்களின் உயிரைப் பணயம் வைத்துத் தம் துணிவைக் காட்டவும் அவர் முயலவில்லை. மணப்பாட்டுக்குத் திரும்பி வந்து, காற்று தணிந்ததும் மீண்டும் போவதாக எழுதினார்.

அதோடு கதை முடிந்திருந்தால் நாம் இதை நினைக்க வேண்டியதில்லை. கடல்வழி அடைபட்டதும் அவர் தரைவழியாகக் குமரிக்குப் போனார். வழியில் கண்ட காட்சிகள் அவர் நெஞ்சைப் பிளந்தன. உண்ண ஏதுமில்லாதவர்கள், நடக்க முடியாத முதியவர்கள், இறந்து கிடந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள். அந்த ஏழைகளுக்கு உதவி கிடைக்கச் செய்ய அவர் உழைத்தார்.

அவர் விட்டது வழியை மட்டுமே, மக்களை அல்ல. இதுதான் நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம்.

அடுத்த ஆண்டு, 1545-இல், நாகப்பட்டினத்திலிருந்து குமரிக்குத் திரும்ப நினைத்தபோதும் எதிர்க்காற்று தடுத்தது. எனவே அவர் வடக்கே மயிலாப்பூருக்குப் போனார். புனித தோமையாரின் கல்லறை அருகே சில மாதங்கள் செபத்தில் செலவிட்டார். அங்கேதான் கிழக்கே மலாக்கா பக்கம் போக வேண்டும் என்ற தெளிவு அவருக்குக் கிடைத்தது. காற்று சாதகமாக இருந்திருந்தால் அந்தச் செப நாள்கள் கிடைத்திருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

திரும்பவே முடியாத புயலையும் அவர் கண்டார். மலாக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரும்போது மூன்று பகலும் மூன்று இரவும் கடும் புயல். அதுவரை கடலில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று 1548 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். அந்த வேளையில் மண்ணுலகிலும் விண்ணுலகிலும் உள்ள அனைவரின் வேண்டுதலையும் துணைக்கு அழைத்தார். பிழைத்தால் இதே அளவு அல்லது இதைவிடப் பெரிய உழைப்பைத் தாரும் என்று வேண்டினார். பிழைத்த பிறகு கிடைத்ததைவிடப் புயலின் நடுவே தமக்கு ஆறுதல் மிகுதியாக இருந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்.

1549 ஆகஸ்ட் 15 அன்று சப்பானை அடைந்தார். பின்பு சீனாவுக்குச் செல்ல விரும்பினார். 1552-இல் சீனக் கரைக்கு அருகே சான்சியான் தீவில், தம்மை ஏற்றிச் செல்வதாகச் சொன்ன வணிகரின் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சலில் விழுந்து, டிசம்பர் 3 அன்று உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 46. 1622 மார்ச் 12 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவருடைய உடல் கோவாவில் போம் இயேசு பேராலயத்தில் உள்ளது.

அன்பார்ந்தவர்களே, கலிலேயக் கடலில் சீடர்களின் படகு தத்தளித்தபோது இயேசு எழுந்து காற்றைக் கடிந்துகொண்டார், பேரமைதி உண்டாயிற்று. நம் படகுகளில் எல்லா நேரமும் அப்படி நடப்பதில்லை. மழை பொய்த்துப் போகிறது. வேலை தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். திரும்பி வந்தவனைத் தோற்றவன் என்று ஊர் சொல்கிறது. சில நேரம் பெற்றோரும் சொல்லிவிடுகிறோம். மணப்பாட்டுக் கரையில் நனைந்த உடையோடு இறங்கிய சவேரியாரை அப்போது நாம் நினைத்துக்கொள்வோம். அவர் தோற்றவர் அல்லர். வேறு வழி தேடப்போகிறவர்.

நம் வீட்டிற்கு அப்படி யாராவது திரும்பி வந்திருக்கிறார்களா? அவர்களிடம் கணக்குக் கேட்கும் முன் ஒரு வாய் சோறு போடுவோம். நமக்காகக் காத்திருந்து நாம் இன்னும் சென்றடையாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஒரு வழி அடைபட்டதற்காக அவர்களை மறந்துவிடாதிருப்போம். காற்றை அடக்கும் வல்லமை நமக்கு இல்லாவிட்டாலும், நடந்து போகக் கால்களை இறைவன் நமக்குத் தந்திருக்கிறார்.

புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.