தானே இணைக்கும் தொலைபேசி கண்ட ஸ்ட்ரோஜர்

தொலைபேசியைக் கண்டவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பதைச் சிறுவரும் அறிவர். 1876 ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு கருவிகளை ஒரு கம்பியாற் பிணைத்துப் பேசுதல் எளிது. ஓர் ஊரில் நூறு கருவிகள் இருப்பின், அவற்றுள் எதனையும் வேண்டியபொழுது எதனோடும் இணைத்தல் எங்ஙனம்? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மற்ற எல்லா வீடுகளுக்கும் தனித்தனியே இணைப்பு இழுப்பதாயின் 4,950 இணைப்புகள் வேண்டியிருக்கும். ஊர் முழுவதும் கம்பிக்காடாகிவிடும் அன்றோ?

இவ்விடரை நீக்கவே தொலைபேசி நிலையங்கள் தோன்றின. எல்லா வீட்டுக் கம்பிகளும் ஓரிடத்திற்கு வந்து ஓர் இணைப்புப் பலகையில் முடியும். அப்பலகையின் முன் ஓர் இணைப்பாளர் அமர்ந்திருப்பார். பேச விழைபவர் முதலில் அவரை அழைத்து, இன்னாரோடு பேசவேண்டும் என்று சொல்லுவார். இணைப்பாளர் ஒரு கயிற்றுக் கம்பியின் இரு முனைகளையும் உரிய துளைகளிற் செருகி இருவரையும் இணைத்து வைப்பார். 1878 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூ ஹேவன் என்னும் நகரில் இத்தகைய வணிக நிலையம் திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் இப்பணிக்குச் சிறுவர்களை அமர்த்தினர். அவர்கள் குறும்பும் கடுஞ்சொல்லும் உடையவர்களாக இருந்தமையால், இன்சொல்லும் பொறுமையும் உடைய மகளிர் அவ்விடத்தைப் பெற்றனர். சிற்றூர்களில் அம்மகளிர் அறியாத செய்தியே இல்லை. யார் வீட்டில் நோய், யார் வீட்டில் மணம், யார் யாரோடு வழக்காடுகின்றார் என்பதெல்லாம் அவர்தம் செவி வழியாகவே சென்றன. ஊராரின் இரகசியமும் வணிகமும் ஒருவர் கையில் அடங்கியிருந்த காலம் அது. அந்நிலையை மாற்ற முற்பட்டவர் ஆல்மன் பிரௌன் ஸ்ட்ரோஜர் என்பவர். அவர் பொறியியல் கற்றவர் அல்லர். இறந்தோர்க்குச் சவப்பெட்டியும் ஈமச்சடங்கும் ஏற்பாடு செய்து தரும் தொழிலினர்.

ஸ்ட்ரோஜர் 1839 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11 ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரை அடுத்துள்ள பென்பீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய அன்னை தம் மக்களுக்கு ஏதேனும் வேலை இட்டால், அவர்கள் அதனைச் செய்து முடிப்பதற்கு முன்னர், அதனைச் செய்யவல்ல பொறி ஒன்றை அமைக்கவியலுமா என்று ஆராயத் தொடங்கிவிடுவார்களாம். சோம்பலும் அறிவும் ஒருங்கே விளையாடிய இல்லம் போலும்! 1861 ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இளைஞராகிய ஸ்ட்ரோஜர் நியூயார்க் குதிரைப்படையிற் சேர்ந்து ஊதுகொம்பு இசைப்பவராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் பள்ளி ஆசிரியராகச் சில காலம் இருந்தார். பின்னர் மேற்கு நோக்கிச் சென்று, கான்சஸ் மாநிலத்திலும், அதன்பின் மிசௌரி மாநிலத்தைச் சார்ந்த கான்சஸ் நகரிலும் ஈமத்தொழில் நடத்தினார்.

அத்தொழிலுக்குத் தொலைபேசி இன்றியமையாதது. இறப்பு நேர்ந்த வீட்டார் கடை கடையாக ஏறி விசாரிப்பதில்லை. முதலில் யாரோடு பேச வாய்க்கின்றதோ அவரிடமே பொறுப்பை ஒப்படைத்துவிடுவர். ஸ்ட்ரோஜருக்கு வரவேண்டிய அழைப்புகள் வரவர அருகின. அவ்வூர் இணைப்பாளராக இருந்தவர், அவரோடு போட்டியிட்ட வேறோர் ஈமத்தொழிலாளரின் மனைவி என்றும், ஸ்ட்ரோஜரை வேண்டி அழைப்போரைத் தம் கணவரிடமே அவர் திருப்பிவிட்டார் என்றும் ஒரு வரலாறு வழங்குகின்றது. ஸ்ட்ரோஜரின் நண்பர் ஒருவர் இறந்தபோது, அவ்வீட்டாரும் போட்டியாளரையே அமர்த்திக்கொண்டனர் என்றும், அச்செய்தியை அவர் நாளிதழைப் பார்த்தே அறிந்தார் என்றும் கூறுவர். வேறொரு வரலாறும் உண்டு. தொலைபேசி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, ஸ்ட்ரோஜரின் கடையில் தொங்கிய உலோகப் பலகை ஒன்று காற்றில் ஆடித் தொலைபேசிக் கம்பியைத் தீண்டியதே பழுதுக்குக் காரணம் எனக் கண்டனராம். அவ்வாறாயின் அந்த அம்மையார் குற்றமற்றவர். எது உண்மையாயினும், தம் அழைப்பு எங்கே செல்கின்றது என்பதைப் பணம் செலுத்துபவர் காணவும் தெளியவும் வழியில்லை என்பதே அதன் உள்ளீடு. ஐயம் தோன்றியபின் அதனைத் தீர்ப்பதற்கு ஒரு சான்றும் கிடையாது.

பலமுறை முறையிட்டும் பயன் விளையாமையால், வேறு எவராயினும் இணைப்பாளரை மாற்றும்படி கேட்டிருப்பர்; அல்லது ஊரை விட்டுப் போயிருப்பர். ஸ்ட்ரோஜரோ, இணைப்பாளரே வேண்டாத நிலையம் ஒன்றை ஆக்க எண்ணினார். அழைப்பவரே தம் வீட்டிலிருந்தபடி, தாம் வேண்டும் கம்பியைத் தெரிந்தெடுக்க வேண்டும். இடையில் எவருடைய செவியும் கையும் புகுதல் கூடாது. கழுத்துப்பட்டிகள் வைக்கும் வட்டமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அதன் பக்கத்தில் வரிசை வரிசையாகக் குண்டூசிகளைக் குத்தி, நடுவே ஓர் எழுதுகோலை நிறுத்தித் தம் கருத்தை அவர் உருவாக்கிப் பார்த்ததாகச் சொல்லப்படுகின்றது.

அக்கருவியின் இயல்பு அறியத்தக்கது. உட்புறம் வளைந்த ஒரு சுவரைக் கருதுக. அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து வரிசைகள்; வரிசைக்குப் பத்து உலோக முனைகள்; ஆக நூறு முனைகள், நூறு வீட்டுக் கம்பிகளின் முடிவுகள். நடுவில் ஒரு தண்டு நிற்கும். அதில் ஒரு சிறு கை பொருத்தப்பட்டிருக்கும். மின்காந்தத்திற்கு ஒரு துடிப்பு வருந்தோறும் பற்களிற் கொளுவி அத்தண்டு ஒரு படி நகரும். 63 ஆம் எண்ணுக்கு உரியவரை வேண்டுவோர் முதலில் ஆறு துடிப்புகள் அனுப்பினால் தண்டு ஆறு படி மேலே ஏறும். பின்னர் மூன்று துடிப்புகள் அனுப்பினால் மூன்று இடம் பக்கவாட்டில் திரும்பும். ஆறாம் மாடிக்கு ஏறி மூன்றாம் வீட்டின் கதவைத் தட்டுவது போன்றது இது. பேசி முடித்தபின் தண்டு திரும்பி இறங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒருவன் சொல்ல மற்றொருவன் செய்யும் வேலையை, எண்ணிக்கை ஒன்றினாலேயே பொறியைச் செய்ய வைத்தமைதான் இதில் அமைந்துள்ள நுட்பம். பொறிக்குப் பெயர் தெரியாது. நண்பர் பகைவர் தெரியாது. ஆறும் மூன்றும் மட்டுமே தெரியும்.

1889 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஸ்ட்ரோஜர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1891 ஆம் ஆண்டு மார்ச்சு 10 ஆம் நாள் 4,47,918 என்னும் எண்ணுடன் அது வழங்கப்பெற்றது. வரைபடம் ஒன்று, தொழில் மற்றொன்று. ஈமத்தொழிலினர் ஒருவரிடம் பெரும் நிலையம் அமைக்கப் பொருள் ஏது? அவருடைய உடன்பிறந்தார் மகனாகிய வால்டர் ஸ்ட்ரோஜர் துணைநின்றார். சிகாகோ நகரைச் சார்ந்த ஜோசப் ஹாரிஸ் என்னும் விற்பனையாளர் இப்பொறியின் எதிர்காலத்தை உணர்ந்து முன்வந்தார். 1891 ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் ஸ்ட்ரோஜர் தானியங்கித் தொலைபேசி நிலையக் குழுமம் நிறுவப்பெற்றது.

இந்தியானா மாநிலத்தில் லாபோர்ட் என்னும் சிறு நகரம் உள்ளது. பெல் குழுமத்தார் தொடுத்த காப்புரிமை வழக்கினால் அங்கிருந்த பழைய தொலைபேசி நிலையம் மூடப்பட்டு, அவ்வூரார் தொலைபேசி இன்றி இருந்தனர். 1892 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் அங்கே உலகின் முதல் தானியங்கி வணிக நிலையம் திறக்கப்பெற்றது. 99 பேருக்கு இடமிருந்த அதில் ஏறத்தாழ 75 பேர் முதலிற் சேர்ந்தனர்.

புதுமையின் குறைகளும் விரைவில் வெளிப்பட்டன. அக்காலத்துக் கருவியில் அழைப்பவர் தம் விரலாற் பொத்தானை எண்ணி எண்ணி அழுத்தவேண்டும். எட்டு முறை அழுத்தவேண்டிய இடத்தில் கவனம் பிசகி ஏழு முறை அழுத்தினால், வேறு யாரோ வந்து பேசுவார். இணைப்பாளரின் பிழை நீங்கியது. அழைப்பவரின் பிழை புகுந்தது! மேலும் ஒவ்வொரு வீட்டிற்கும் பல கம்பிகள் இழுக்கவேண்டியிருந்தமையாற் செலவும் மிகுதி. இவற்றை நீக்கிய பெருமை ஸ்ட்ரோஜருக்கு மட்டும் உரியதன்று. அக்குழுமத்திற் சேர்ந்த அலெக்சாண்டர் கீத், ஜான் எரிக்சன், சார்லஸ் எரிக்சன் ஆகியோர் 1896 ஆம் ஆண்டளவில் எண்வட்டினை உருவாக்கினர். பிற்காலத்தில் அது துளைகளுள்ள வட்டமாக அமைந்தது. துளையில் விரலை வைத்துச் சுழற்றி விட்டுவிட்டால், வட்டு வில்லின் விசையால் ஒரே சீராகத் திரும்பி வந்து, உரிய எண்ணிக்கையிற் துடிப்புகளைத் தானே அனுப்பிவிடும். எண்ணும் பொறுப்பும் மனிதனிடமிருந்து பொறிக்கு மாறியது. பல நூறு வீடுகள் கொண்ட நகரங்களுக்கு இத்தகைய தெரிகருவிகளை வரிசையாக அமைத்து, முதல் எண் ஒன்றையும் அடுத்த எண் அடுத்ததையும் இயக்குமாறு செய்தனர்.

ஸ்ட்ரோஜர் இவ்வளர்ச்சியின் பயனை நுகர்ந்தாரல்லர். 1896 ஆம் ஆண்டில் தம் காப்புரிமைகளைக் கூட்டாளிகளுக்கு 1,800 டாலருக்கு விற்றார். 1898 ஆம் ஆண்டில் குழுமத்தில் தமக்கிருந்த பங்கை 10,000 டாலருக்குக் கொடுத்துவிட்டு விலகினார். உடல்நலம் குன்றியமையால் புளோரிடா மாநிலத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்று வாழ்ந்து, 1902 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் தமது அறுபத்து மூன்றாம் அகவையில் இறந்தார். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1916 இல், அக்காப்புரிமைகள் பெல் அமைப்பினருக்கு 25 இலட்சம் டாலருக்குக் கைமாறின. வித்திட்டவர்க்குக் கிடைத்தது எவ்வளவு, விளைவைக் கொண்டவர் கொடுத்தது எவ்வளவு என்பதை இவ்விரு தொகைகளும் காட்டுகின்றன.

பெல் அமைப்பினர் நெடுங்காலம் தானியங்கி முறையை ஏற்கவில்லை. பயிற்சி பெற்ற மகளிர் செய்யும் பணியே மேம்பட்டது என அவர்கள் கருதினர். அக்கருத்து முற்றும் பிழை எனலாகாது. இணைப்பாளர்களுள் தன்னலமுடையோர் சிலர் இருந்திருக்கலாம். ஊர்க்காகத் தம்மையே ஈந்தாரும் இருந்தனர். 1908 ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோவைச் சார்ந்த பால்சம் என்னும் ஊரை வெள்ளம் சூழ்ந்தபோது, சாரா ரூக் என்னும் முதிய இணைப்பாளர் தம் பலகையை விட்டு அகலாது, ஒவ்வொரு வீடாக அழைத்துத் தப்பிச் செல்லுமாறு எச்சரித்தார். இறுதியில் தாமே வெள்ளத்திற்கு இரையானார். எந்தப் பொறியும் அங்ஙனம் செய்திராது. ஆயினும் இலட்சக்கணக்கானோர் பேசத் தொடங்கியபின், அத்தனை பேருக்கும் கையால் இணைப்புத் தருதல் இயலாததாயிற்று. 1919 ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரில் பெல் அமைப்பினரும் ஸ்ட்ரோஜர் முறையில் நிலையம் அமைத்தனர். அடுத்த பல ஆண்டுகளில் ஊர்தோறும் இணைப்புப் பலகைகள் அகற்றப்பட, அவற்றின் முன் அமர்ந்திருந்த மகளிர் பல்லாயிரவர் வேறு பணி தேட நேர்ந்தது.

இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரில் 1912 ஆம் ஆண்டில் இம்முறை புகுந்தது. நம் நாட்டில் 1948 ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழிலகம் ஸ்ட்ரோஜர் முறைக் கருவிகளையே முதலில் உருவாக்கியது. அந்நிலையங்களுக்குள் நுழைந்தோர் முதலிற் கேட்டது ஓசையையே. வரிசை வரிசையாக நின்ற தண்டுகள் இடைவிடாது படியேறியும் திரும்பியும் இறங்கியும் கடகடவென ஒலித்தன. பழகிய பணியாளர் அவ்வொலியின் மாறுபாட்டைக் கொண்டே பழுது இன்ன இடத்தில் என்று கூறவல்லவராக இருந்தனர். பிற்காலத்தில் மின்னணுக் கருவிகளும் கணிப்பொறிகளும் அவ்விடத்தைப் பெற்றன. பிரிட்டனிற் கடைசியாக இயங்கிய ஸ்ட்ரோஜர் நிலையம் 1995 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஒலியடங்கியது.