கணக்கு நோட்டில் பிறந்த கலை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதம்)

ஓவியம் என்றால் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று தெரிய வேண்டும் என்றே நான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் ஒரு கலை நூலைப் புரட்டியபோது அவ்வெண்ணம் ஆட்டம் கண்டது. ஒரு படம் முழுவதும் எழுத்துகள். ஒன்றையும் படிக்க இயலவில்லை. இடையிடையே எண்கள், ஜாதகக் கட்டங்கள். வரைந்தவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். மலபார்ப் பகுதியின் தென்னைகளும் நீர்நிலைகளும் அவருடைய தொடக்ககால நீர்வண்ண ஓவியங்களில் நிறைந்திருந்தன. தந்தை மறைந்ததால் பதினெட்டு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் சென்றார். ஆனால் தூரிகையை விடவில்லை. இருபத்தைந்தாம் வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, 1936இல் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கு முதல்வராக இருந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பின்னர் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957இல் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார்.

1963இல் ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. அதிலிருந்த இயற்கணித எழுத்துகளும் எண்களும் கோடுகளும் அவருக்குப் புதுவழி காட்டின. 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை அவ்வாறு பிறந்தது. எழுத்துக்கும் சித்திரத்துக்கும் இடையே நாம் போட்டு வைத்திருந்த எல்லைக்கோடு அங்கே அழிந்தது.

படித்து முடிக்கும் ஓவியர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. மாணவர்களும் நண்பர்களும் பாத்திக் துணிகள் செய்து விற்றுப் பணம் சேர்த்தனர். 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரை மணலில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். கைத்தொழில் சோறு போட்டது, கலை தலைநிமிர்ந்தது. 1977இல் பணிக்கர் மறைந்தார். அக்கிராமம் இன்றும் இருக்கிறது.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தந்தை சென்ற ஆண்டு நோயில் படுத்தபோது, நானும் படிப்பை விட்டு ஷூ கம்பெனிக்குப் போகத் துணிந்தேன். அங்கே மெஷினில் தைக்கும் அம்மாதான் தடுத்தார். அவருக்கு எழுத்து தெரியாது. அன்றிரவு என் இயற்கணித நோட்டைப் பிரித்து, தையலைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லி மூடி வைத்தார். மறுநாள் கல்லூரிக்குப் பேருந்து ஏறினேன்.

படிக்க இயலாத பக்கத்திலும் அழகு உண்டென்று பணிக்கருக்கு முன்பே என் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. நண்பர்களே, இடையில் நின்ற படிப்பும் தொடரக்கூடியதே. பணிக்கர் ஏழாண்டுகள் கழித்துத் தொடர்ந்தார்.