பாட்டிலே சரித்திரம் வைத்த கபிலர்

இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது சங்கப் புலவர் கபிலரின் வாழ்க்கை. அவரை வள்ளல் பாரியின் நண்பர் என்று நமக்குத் தெரியும். அவர் ஒரு சரித்திர ஆசிரியர் கூட என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் பேப்பரும் கிடையாது, அச்சும் கிடையாது. யார் ஆண்டார்கள், யாரோடு சண்டை என்பதையெல்லாம் புலவர்கள் பாட்டில் வைத்தார்கள். பாட்டு என்றால் ஓசை இருக்கும், சீக்கிரம் மறக்காது. நடுவில் ஒரு சொல் மாறினாலும் ஓசை தட்டும், கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கிரேக்க நாட்டிலும் ட்ராய் நகரத்துச் சண்டையை ஹோமரின் பாட்டுதான் காப்பாற்றி வைத்தது.

கபிலர் மதுரைப் பக்கம் திருவாதவூரில் பிறந்தவர் என்று சொல்வார்கள். சங்க நூல்களில் அவர் பாட்டு இருநூறுக்கும் மேல் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் மட்டும் 99 பூக்களின் பேரைச் சொல்லியிருக்கிறார். அதில் வேங்கைப் பூவும் உண்டு. நம்ம வேங்கிக்கால் ஞாபகம் வருது இல்லையா!

பாரி ஆண்டது பறம்பு மலை. இன்றைக்கு சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் பிரான்மலைதான் அது என்கிறார்கள். மூவேந்தர்களும் சேர்ந்து அதை முற்றுகை போட்டார்கள். பறம்பு நாட்டில் 300 ஊர், அத்தனையும் கேட்டு வந்தவர்களுக்கே கொடுத்தாச்சு என்று கபிலர் பாடினார். உழாமலே மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் கிடைக்கும் மலை என்றும் கணக்கு சொன்னார். கடைசியில் பாரி இறந்துபோனார்.

இங்கேதான் ஒன்று கவனிக்க வேண்டும். ஜெயித்த ராஜாக்களின் பேர் கூட அந்தப் பாட்டுகளில் இல்லை. தோற்றுப்போன பாரியைத்தான் இன்றைக்கும் நாம் படிக்கிறோம். பாரியின் மகள்கள் பாடிய ஒரு பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது, 112-ஆம் பாட்டு. போன மாதம் இருந்த அப்பாவும் மலையும் இந்த மாதம் இல்லை என்பதுதான் அதில் உள்ள சேதி. அப்பாவை இழந்த இரண்டு பெண் பிள்ளைகள் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். அதைப் படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்தப் பெண்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க கபிலர் ஊர் ஊராக அலைந்தார். விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற இரண்டு பேரிடம் கேட்டும் நடக்கவில்லை. இருங்கோவேளிடம் கோபமாகவே பேசினார். உன் முன்னோர் ஒருவர் கழாத்தலையார் என்ற புலவரை இகழ்ந்தார், அதனால்தான் அரையம் என்ற ஊர் அழிந்தது என்று பாட்டிலேயே சொன்னார். ஒரு ராஜாவின் குடும்பக் கதையை அவரிடமே திருப்பிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

கடைசியில் கபிலர் வந்தது நமக்குப் பக்கத்தில் உள்ள திருக்கோவிலூர். பெண்களைப் பார்ப்பனர்களிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கு நோக்கி உண்ணாவிரதம் இருந்து இறந்தார் என்று புறநானூற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆனால் அந்த ஊர் வீரட்டானேஸ்வரர் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கினார் என்கிறது அது. முடிவு இரண்டு விதமாக இருந்தாலும், தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவில் இருக்கும் பாறையை ஜனங்கள் இன்னும் கபிலர் குன்று என்றுதான் சொல்கிறார்கள்.

பாட்டில் வருவதெல்லாம் கற்பனைதானே என்று சிலர் கேட்கலாம். திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில் 1981-இல் ஒரு பழைய தமிழ் பிராமி கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பேர் இருந்தது. ஔவையார் பாடிய அதே அதியமான்! பாட்டில் இருந்தவர் பாறையிலும் இருந்தார்.

ஆனால் பாட்டும் தானாக நிற்காது. ஓலைச்சுவடியில் இருந்த புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் தேடி எடுத்து 1894-இல் அச்சில் கொண்டுவந்தார். இல்லையென்றால் பாரியும் போயிருப்பார், கபிலரும் போயிருப்பார்.

நம்ம பாட்டிமார்கள் பாடும் ஒப்பாரியிலும் நடவுப் பாட்டிலும் கூட எத்தனையோ பேர், ஊர், பஞ்சம், வெள்ளம் எல்லாம் இருக்கு. ராஜாக்கள் பேர் கல்வெட்டில் இருக்கும். நம்ம ஊர் ஜனங்களுக்கு அந்தப் பாட்டுதான் கல்வெட்டு. அதனால் தோழர்களே, தோழிகளே, ஆளுக்கு ஒரு பாட்டாவது கேட்டு நோட்டில் எழுதி வைங்க. அடுத்த கையெழுத்துப் பத்திரிகையில் போடலாம்.

வாழ்க கபிலர் புகழ்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி