ஹென்றி டுனாண்ட் சரித்திரம்

தன் மக்களையும் சுற்றத்தாரையும் பேணுதல் எல்லா உயிர்க்கும் இயல்பாக அமைந்த குணம். பறவை தன் குஞ்சுக்கு இரை தேடுகின்றது. விலங்கு தன் கன்றைக் காக்கின்றது. ஆதலின் தன்னவர்க்குச் செய்யும் உதவி ஒன்றை மாத்திரங் கொண்டு உலகம் ஒருவரை மேலோராகக் கொண்டாடுவதில்லை. தன் நாட்டினனல்லாத, தன் மொழியறியாத, தன் கட்சியைச் சேராத ஒருவன் குற்றுயிராய்க் கிடக்குங்கால், அவன் பக்கத்தே குனிந்து ஒரு மிடறு தண்ணீர் வார்ப்பவர் எவரோ அவரையே தலைமுறை தலைமுறையாக நினைந்து போற்றுகின்றது. அத்தகைய பெரியோருள் ஒருவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஹென்றி டுனாண்ட் என்பார். செஞ்சிலுவைச் சங்கம் என்னும் பெயரை நம்முள் அறியாதார் இலர். அச்சங்கத்துக்கு வித்திட்டவருடைய வரலாற்றை அறிந்தாரோ மிகச் சிலர். ஒரு குலத்தார் கூடி நடத்தும் நம் சங்கத்தைப் போன்ற சபைகளுக்கு அவ்வரலாறு இருவகையில் பாடமாகுமாதலின் அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

டுனாண்ட் 1828-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆந் தேதி ஜினீவா நகரத்தில் பிறந்தார். அவர் குடும்பம் செல்வமும் தெய்வ பக்தியும் ஒருங்கே வாய்ந்தது. தந்தையார் அநாதைப் பிள்ளைகளின் பொருட்டும் சிறையினின்று வெளிவந்தோர் பொருட்டும் உழைத்தவர். தாயார் ஏழைகளையும் நோயாளிகளையும் தேடிச் சென்று உதவுபவர். இவ்விருவர் நிழலில் வளர்ந்த பிள்ளைக்கு ஈகை என்பது கற்பிக்க வேண்டாத பாடமாயிற்று. பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. கல்லூரியை இடையில் விட்டு ஒரு பாங்கியில் வேலை பயிலப் புகுந்தார். ஓய்வு நேரங்களிலோ சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளுக்கு ஆறுதல் கூறுவதும், தம்மொத்த இளைஞரைத் திரட்டி ஏழைகட்குத் தொண்டு செய்வதுமாக இருந்தார். ஜினீவாவில் 1852-ஆம் ஆண்டு கிறிஸ்தவ வாலிபர் சங்கம் தோன்றுவதற்கு அவரே முதற் காரணமானார்.

பாங்கியின் அலுவலாக ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடபாலுள்ள அல்ஜீரியாவுக்குச் சென்ற டுனாண்டுக்கு அங்கே தாமே தொழில் நடத்த வேண்டுமென்னும் விருப்பம் உண்டாயிற்று. மாவு ஆலை ஒன்றை அமைத்து, நண்பரிடமும் உறவினரிடமும் பங்குப் பணம் பெற்றார். நிலத்துக்கும் நீருக்கும் வேண்டிய உரிமைகளைப் பிரெஞ்சு அதிகாரிகள் எளிதில் தந்தாரில்லை. ஆதலால் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியையே நேரிற் கண்டு முறையிடுவதெனத் துணிந்தார். சக்கரவர்த்தியோ அப்பொழுது சார்தீனிய அரசருடன் சேர்ந்து, ஆஸ்திரியரை எதிர்த்து வட இத்தாலியில் யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். டுனாண்ட் அவ்விடம் நோக்கிப் பயணமானார். தம் வியாபாரத்தைக் காக்கப் புறப்பட்ட அப்பயணமே அவ்வியாபாரத்தை அவர் மறப்பதற்கும், உலகம் அவரை நினைப்பதற்கும் ஏதுவாயிற்று.

1859-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆந் தேதி சோல்பெரினோ என்னுமிடத்தில் பெரும்போர் நிகழ்ந்தது. விடியற்காலையில் தொடங்கிய போர் அந்தி வரையில் ஓயவில்லை. இரு திறத்தாரும் சேர்ந்து ஏறக்குறைய 3,00,000 பேர் களத்தில் நின்றனர். இறந்தவரும் காயமுற்றவருமாக வீழ்ந்தோர் தொகை ஏறக்குறைய 40,000 என்பர். அந்நாளில் படைகளுக்கு வைத்தியர் மிகக் குறைவு. காயமுற்றவனைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. வைத்தியரைச் சுடலாகாது என்னும் விதியுமில்லை. வீழ்ந்தவன் வீழ்ந்த இடத்திலேயே தாகத்தாலும் வெயிலாலும் மடிவது அன்றைய யுத்த தருமமாயிருந்தது.

அக்களத்துக்கு அண்மையிலுள்ள காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் டுனாண்ட் அப்பொழுது தங்கியிருந்தார். காயமுற்றோர் வண்டி வண்டியாக அவ்வூரில் வந்து குவிந்தனர். அவர் தொகை சுமார் 9,000. அஃதோ ஊர்மக்களின் தொகையையே விஞ்சியது. கோயில்களும் மடங்களும் வீடுகளும் நிரம்பியபின் தெருக்களில் வைக்கோல் பரப்பி அவர்களைக் கிடத்தினர். ஊரிலே தண்ணீரும் இருந்தது, உணவும் இருந்தது. ஆயினும் எடுத்துக் கொடுப்பார் இல்லாமையால் பலர் பசியாலும் தாகத்தாலும் இறந்தனர். டுனாண்ட் வைத்தியம் பயின்றவரல்லர், போர்வீரருமல்லர், வெண்ணிற உடை தரித்து வந்த ஒரு வியாபாரி. ஆனாலும் இக்காட்சியைக் கண்டபின் அவருக்கு அப்பால் நடக்கக் கால் எழவில்லை.

அவ்வூர்ப் பெரிய கோயிலைத் தமக்கு இடமாகக் கொண்டு பணி தொடங்கினார். மாதரை அழைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, சிலரை உணவுக்கும் சிலரைத் தண்ணீருக்கும் சிலரைப் புண் கழுவிக் கட்டுவதற்கும் நியமித்தார். சிறுவர்கள் ஊற்றுகளினின்று வாளி வாளியாக நீர் சுமந்தனர். தம் வண்டிக்காரனைப் பக்கத்து நகரமாகிய பிரெஸ்சியாவுக்கு அனுப்பி, சொந்தச் செலவில் துணியும் எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் சட்டைகளும் புகையிலையும் வாங்குவித்தார். வழிப்போக்கராய் வந்த அயல்நாட்டார் சிலரும் அப்பணியில் சேர்ந்தனர். இறக்குந் தறுவாயிலிருந்தோர் தம் பெற்றோருக்குச் சொல்லியனுப்பிய செய்திகளை டுனாண்ட் அருகிருந்து கேட்டு எழுதிக்கொண்டார். சிறைப்பட்டிருந்த ஆஸ்திரிய வைத்தியர்களை விடுவித்து இப்பணியில் அமர்த்தவும் முயன்று வெற்றி பெற்றார்.

இவற்றினும் சிறந்த செயல் ஒன்றுண்டு. அங்கே கிடந்தோருள் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். அவர்களுடன் நேற்றுவரை போர் புரிந்த ஆஸ்திரியரும் இருந்தனர். ஆஸ்திரியர் அம்மாதருக்குப் பகைவர். அவர் பேசும் மொழியும் அம்மாதருக்கு விளங்காது. டுனாண்ட் யாரிடத்தும் வேற்றுமை பாராட்டாமல் ஒரே வகையாகப் பணி செய்தார். அது கண்ட காஸ்திலியோனே மாதரும் அவ்வண்ணமே செய்தனர். எல்லாரும் உடன்பிறந்தாரே என்னும் பொருள்படத் தம் மொழியில் சொல்லிக்கொண்டே அவர்கள் பகைவர் வாயிலும் நீர் வார்த்தனர். அம்மாதருள் பலருடைய பெயர் இன்று எவர்க்கும் தெரியாது. எனினும் செஞ்சிலுவையின் முதற் தொண்டர்கள் அவர்களே எனின் மிகையாகாது.

ஊர் திரும்பிய டுனாண்ட் தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதி, 1862-ஆம் ஆண்டில் 1,600 பிரதிகள் தம் செலவிலேயே அச்சிட்டு, ஐரோப்பிய அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் அனுப்பினார். நூலின் முடிவில் இரண்டு யோசனைகளை வெளியிட்டிருந்தார். சமாதான காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சபைகளை அமைத்துப் பயிற்றி வைத்தல் வேண்டும் என்பது ஒன்று. காயமுற்றோரையும் அவர்க்குப் பணி செய்வோரையும் எவரும் தாக்கலாகாதென எல்லா அரசுகளும் கூடி உடன்படிக்கை செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. கண்ணீர் சிந்துவோர் பலர். சிந்திய கண்ணீரை ஒரு விதியாகவும் சபையாகவும் ஆக்க வல்லார் சிலரே. டுனாண்டின் பெருமை அவ்விடத்தில் உள்ளது.

அந்நூலைப் படித்து ஜினீவா பொதுநல சபைத் தலைவர் குஸ்தாவ் முவானியே என்னும் வழக்கறிஞர் மனமுருகினார். தளபதி துஃபூர், வைத்தியர்களாகிய அப்பியா, மொனுவார், இவர்களுடன் முவானியேயும் டுனாண்டும் சேர்ந்த ஐவர் குழு 1863-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 17-ஆந் தேதி முதன்முறை கூடிற்று. செஞ்சிலுவைச் சங்கம் பிறந்த நாள் அதுவே. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஜினீவாவில் கூடினர். 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆந் தேதி 12 அரசுகள் பத்து விதிகளடங்கிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. காயமுற்றவன் எந்த நாட்டினனாயினும் அவனை எடுத்துப் பேணுதல் வேண்டும் என்பது அதில் ஒரு விதி. காயமுற்றோர்க்கு உதவும் ஊர்மக்களை எவரும் துன்புறுத்தலாகாது என்பது மற்றொரு விதி. காஸ்திலியோனே மாதர் தம் உள்ளம் ஏவியவாறு செய்த செயல் ஐந்தே ஆண்டுகளில் அரசர்களைக் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று.

இவ்வளவில் இச்சரித்திரம் முடிந்திருப்பின் இன்பமாயிருக்கும். ஆனால் டுனாண்டின் வாழ்வில் இதன்பின் வந்த பகுதியே நம்மனோர் ஊன்றி நோக்கற்பாலது.

உலகக் காரியத்தில் அலைந்த அவர் தம் தொழிலைக் கவனித்தாரில்லை. அல்ஜீரிய வியாபாரம் நாளுக்கு நாள் நலிந்து 1867-ஆம் ஆண்டில் அடியோடு வீழ்ந்தது. அவரோடு தொடர்புற்ற ஒரு பண நிலையமும் முறிந்தது. அவரை நம்பிப் பணம் கொடுத்த நண்பரும் உறவினரும் பெருநஷ்டம் அடைந்தனர். 1868-ஆம் ஆண்டில் ஜினீவா வியாபார நீதிமன்றம் அவர் பங்குதாரரை ஏமாற்றினாரெனத் தீர்ப்புக் கூறிற்று. பிறர் பணம் அவர் கையில் அழிந்தது உண்மை. அதனை மறைத்தல் சரித்திரம் எழுதுவோர்க்கு அழகன்று. அத்தீர்ப்பின் பின் அவர் தோற்றுவித்த குழுவே அவர் பெயரை நீக்கிவிட்டது. வாலிபர் சங்கமும் அவரைக் கைவிட்டது. நாற்பது வயதாகுமுன்பே ஜினீவாவை விட்டு அகன்ற டுனாண்ட் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தும் ஒருகாலும் அந்நகரத்துள் அடி வைத்தாரில்லை.

அரசர்களோடு அமர்ந்து உண்டவர் பாரிஸ் மாநகர வீதிகளில் கையில் ஒரு துண்டு ரொட்டியோடு திரிந்தார். மேலங்கி வெளுத்த இடங்களில் மை தடவியும், கழுத்துப்பட்டையில் சுண்ணம் பூசியும் மானத்தை மறைத்தார். வாடகை கொடுக்க வகையின்றிச் சில இரவுகளைத் திறந்த வெளியில் கழித்தார். அந்நிலையிலும் 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டபொழுது பாரிஸில் துன்புற்றோர்க்கு உதவ முன்னின்றார். யுத்தக் கைதிகளை நன்கு நடத்துதல் பற்றிப் பல இடங்களிற் பேசினார். கையிற் பணம் போயினும் அவர் கொண்ட கருத்துப் போகவில்லை.

முதுமையும் நோயும் சூழ 1887-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் கீழ்த்திசையிலுள்ள ஹைடன் என்னும் சிற்றூரையடைந்தார். அல்தர் என்னும் வைத்தியர் அன்புடன் பேணினார். 1892 முதல் அவ்வூர் மருத்துவமனையின் ஓர் அறையே அவர் இல்லமாயிற்று. செஞ்சிலுவைக் கொடி உலகெங்கும் பறந்துகொண்டிருக்க, அதனைத் தோற்றுவித்தவர் இறந்துவிட்டாரென்றே பலர் எண்ணியிருந்தனர். 1895-ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் பௌம்பெர்கர் அவரைக் கண்டு எழுதிய கட்டுரை ஐரோப்பா முழுவதும் பரவியது. மறந்த உலகம் நாணி விழித்தது. 1901-ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பெற்ற நோபல் சமாதானப் பரிசு, பிரெஞ்சு தேசத்து பிரெதெரிக் பாசி என்பாருக்கும் டுனாண்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கைவிட்ட ஜினீவாக் குழுவும் அன்று வாழ்த்துரை விடுத்தது.

பரிசுப் பணத்தை அவர் தமக்கெனச் செலவிட்டாரில்லை. 1910-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30-ஆந் தேதி இறந்தார். அவர் விருப்பப்படி எவ்விதச் சடங்கும் ஆரவாரமுமின்றி ஜூரிச் நகரத்தில் அடக்கம் செய்தனர். மரண சாஸனத்தில், ஹைடன் ஊரிலுள்ள ஏழை நோயாளிகளின் பொருட்டு மருத்துவமனையில் ஒரு கட்டில் எப்பொழுதும் இலவசமாக இருக்குமாறு பொருள் ஒதுக்கியிருந்தார். நார்வேயிலும் ஸ்விட்ஸர்லாந்திலுமுள்ள தரும ஸ்தாபனங்களுக்கும் ஈந்திருந்தார். அவரை வெறுத்த முவானியேயும் அதே ஆண்டில் சில வாரங்களுக்கு முன்னரே காலமானார். இருவரும் கடைசிவரை ஒன்றுபட்டாரில்லை.

அவர் ஊன்றிய வித்து இன்று 190-க்கு மேற்பட்ட நாடுகளில் தழைத்திருக்கின்றது. நம் பாரத தேசத்தில் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ஆம் ஆண்டில் சட்ட வாயிலாக அமைந்தது. அதற்கும் முன்னர், 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபொழுது, காந்தியடிகள் சுமார் 1,100 இந்தியரைத் திரட்டிக் காயமுற்றோரைச் சுமக்கும் தொண்டர் படை அமைத்தார். நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாய் உழன்ற நம் தமிழ் மக்கள் பலரும் அப்படையில் இருந்தனர். தம்மை இழிவாக நடத்திய வெள்ளையரையே அவர்கள் தோளில் தூக்கி மைல் கணக்காக நடந்தனர். காஸ்திலியோனே மாதரின் பாதை நம்மவர்க்கும் புதியதன்று என்பதற்கு இதுவே சான்று.

அன்பர்களே, நம் சங்கம் ஒரு குலத்தாரின் நன்மைக்கென ஏற்பட்டது. தன் குலத்து ஏழை மாணவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதும், கதியற்ற கைம்பெண்ணுக்கு உதவுவதும் நற்செயல்களே. அவற்றை இகழ்வார் அறியாதார். ஆனால் உதவும் பழக்கத்தை வீட்டிற் கற்பது வீதியில் வழங்குதற்பொருட்டன்றோ? வெள்ளமோ கொள்ளைநோயோ வருங்காலத்தில், நம் வாலிபர் கையிலுள்ள கஞ்சிக் கலயம் எந்தத் தெரு முனையில் நின்றுவிடுகின்றது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். பகைவனென்றும் பாராமல் நீர் வார்த்த பெண்டிர் முன், அடுத்த தெருவார் வேறு சாதியாரென்று கலயத்தை மூடுவோமாயின் நம் தருமம் அரைத் தருமமேயாகும்.

இரண்டாவது பாடம் இதனினும் கடினமானது. அயலானை அணைக்கக் கற்பித்த ஒருவரை அவருடைய சொந்த நகரம் அணைக்கவில்லை. கடனுக்கு நீதிமன்றம் உண்டு. இழந்தவர்க்கு ஈடு கேட்கும் உரிமையும் உண்டு. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வியாபாரத்தில் முறிந்தவன் பெயரைச் சங்கப் புத்தகத்திலிருந்து அடிப்பதும், அவன் மனைவி மக்களைக் கலியாணப் பந்தலில் கண்டும் காணாததுபோல் முகம் திருப்புவதும் எந்த நீதிமன்றமும் விதித்த தண்டனையல்ல. நம் குடும்பங்களுள்ளும் இவ்வாறு ஒதுங்கி வாழ்வோர் இல்லையென்று நெஞ்சாரச் சொல்லத் துணிவோமா? ஜினீவா தன் மகனை நினைந்தபொழுது அவர் முதுமையும் நோயும் எய்திவிட்டார். நாமேனும் காலந்தாழ்த்தாது, அடுத்த கூட்டத்துக்குமுன் அத்தகையோர் வீட்டு வாயிலில் ஒருமுறை சென்று நின்று அழைத்து வருவோமாக. அயலாரையும் வீழ்ந்தாரையும் ஒருங்கே தாங்கும் சபையே நெடுநாள் வாழும். அத்தகைய சபையாக நம் சங்கம் விளங்க எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.