ஜொஹான் செபாஸ்டியன் பாக்

ஜொஹான் செபாஸ்டியன் பாக் (மார்ச் 21, 1685 – ஜூலை 28, 1750) ஜெர்மனியைச் சேர்ந்த இசையமைப்பாளரும் ஆர்கன் இசைக் கலைஞரும் ஆவார். மேற்கத்திய செவ்வியல் இசையில் பரோக் காலத்தின் முதன்மையான இசையமைப்பாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். ஆழ்ந்த லூத்தரன் சமயப் பற்றுடைய இவர் 20 குழந்தைகளின் தந்தை ஆவார்.

இளமை

பல தலைமுறைகளாக இசைத்தொழில் செய்துவந்த குடும்பத்தில், ஐசனாக் நகரில் பிறந்தார். பத்து வயது நிறைவதற்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். ஓர்ட்ரூப் நகரில் ஆர்கன் கலைஞராக இருந்த மூத்த அண்ணன் இவரை வளர்த்து, இசையும் கற்பித்தார்.

குடும்பம்

1707 இல் உறவினரான மரியா பார்பராவை மணந்தார். இவர்களுக்கு 7 குழந்தைகள் பிறந்தனர். 1720 இல் இளவரசர் லியோபோல்டுடன் கார்ல்ஸ்பாத் சென்றிருந்த பாக் வீடு திரும்பியபோது, மனைவி இறந்து அடக்கமும் செய்யப்பட்டிருந்தார். 1721 இல் பாடகி அன்னா மக்தலேனாவை மணந்தார். இவர்களுக்கு 13 குழந்தைகள் பிறந்தனர். மொத்தம் 20 குழந்தைகளில் 10 பேர் மட்டுமே வளர்ந்து பெரியவர்களாயினர்.

வீடே இவரது இசைப்பள்ளியாகவும் விளங்கியது. மூத்த மகன் வில்ஹெல்ம் பிரீடெமானுக்காக 1720 இல் ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார். மனைவி இவரது படைப்புகளைப் படியெடுத்து உதவினார். மகன்களுள் நால்வர் புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள் ஆயினர்.

சமயப் பற்று

1723 முதல் இறக்கும் வரை லைப்சிக் நகரின் புனித தோமா தேவாலயத்தில் இசைப்பொறுப்பாளராகப் பணியாற்றினார். ஞாயிறு வழிபாடுகளுக்காக இவர் இயற்றிய கன்டாட்டா என்னும் பாடல் தொகுதிகளுள் சுமார் 200 கிடைத்துள்ளன. பல கையெழுத்துப் படிகளின் முடிவில், இறைவனுக்கே புகழ் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகளை எழுதினார். இவர் ஓரக்குறிப்புகள் எழுதிப் பயன்படுத்திய விவிலிய உரைநூல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இறுதிக்காலம்

பார்வை மங்கிய நிலையிலும், முன்னர் எழுதிய பகுதிகளையும் புதியவற்றையும் இணைத்து பி மைனர் திருப்பலி இசையை நிறைவு செய்தார். 1750 இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேய மருத்துவர் செய்த இரு கண் அறுவைச் சிகிச்சைகளும் பலனளிக்கவில்லை. பார்வையை முற்றிலும் இழந்த இவர், அதே ஆண்டு ஜூலை 28 அன்று தமது 65 ஆவது வயதில் காலமானார்.

மறைவுக்குப் பின்

பாக் உயில் எழுதி வைக்கவில்லை. சொத்தில் மூன்றில் ஒரு பங்கு பெற்ற அன்னா மக்தலேனா, பிற்காலத்தில் உதவித்தொகையை நம்பி வாழும் நிலைக்கு ஆளாகி 1760 இல் இறந்தார். கையெழுத்துப் படிகள் குடும்பத்தினரிடையே பிரிக்கப்பட்டன. பிரீடெமானின் பங்கு சிதறிப்போனது. மற்றொரு மகனான கார்ல் பிலிப் எமானுவேல் தமது பங்கைப் பேணிக் காத்தார். 1829 இல் பெலிக்ஸ் மெண்டல்சன், பாக்கின் புனித மத்தேயு பாடுகளின் இசையை பெர்லினில் அரங்கேற்றினார். அதன் பின்னரே பாக்கின் படைப்புகள் பரவலான கவனத்தைப் பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது.