ஏமி ஜான்சன்

ஏமி ஜான்சன் (ஜூலை 1, 1903 – ஜனவரி 5, 1941) இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற விமானி ஆவார். 1930 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண் இவரே. ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் தொலைவை இவர் பத்தொன்பதரை நாட்களில் கடந்தார்.

இளமையும் கல்வியும்

ஏமி, யார்க்‌ஷயரில் உள்ள ஹல் நகரில் ஒரு மீன் வணிகரின் மகளாகப் பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலில் இளங்கலைப் பட்டம் பெற்றபின், லண்டனில் வழக்கறிஞர் ஒருவரிடம் செயலாளராகப் பணிபுரிந்தார். 1929 இல் விமானி உரிமம் பெற்றார். விமான இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தரைப் பொறியாளர் உரிமத்தையும் பெற்றார். பிரித்தானியப் பெண்களில் இவ்வுரிமத்தை முதன்முதலில் பெற்றவர் இவரே.

ஆஸ்திரேலியப் பயணம்

தந்தையும் வேக்ஃபீல்டு பிரபுவும் அளித்த பொருளுதவியால், பழைய ஜிப்சி மாத் விமானம் ஒன்றை வாங்கினார். குடும்ப வணிகச் சின்னத்தின் பெயரான ஜேசன் என்பதையே அதற்குச் சூட்டினார். அதுவரை இவர் சென்ற நெடும்பயணம் லண்டனிலிருந்து ஹல் வரை மட்டுமே.

1930 மே 5 அன்று லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து புறப்பட்டு, வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ, பாக்தாத், பந்தர் அப்பாஸ் வழியாக ஆறாம் நாளில் கராச்சியை அடைந்தார். 1928 இல் பெர்ட் ஹிங்க்லர் நிகழ்த்திய பதினைந்தரை நாள் சாதனையை முறியடிப்பதே இவரது நோக்கம். கராச்சியில் ஹிங்க்லரைவிட இரண்டு நாட்கள் முன்னிலையில் இருந்தார். பின்னர் ஜான்சி, அலகாபாத், கல்கத்தா ஆகிய இடங்களில் இறங்கிச் சென்றார். பர்மாவில் ரங்கூனை அடுத்த இன்செயினில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் சேதமடைந்தது. பழுது பார்ப்பதில் சில நாட்கள் கழிந்தன, முன்னிலை பறிபோயிற்று. திமோர் கடலைக் கடந்து மே 24 அன்று டார்வின் நகரில் இறங்கினார்.

தொலைவும் நேரமும்

இவ்விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 135 கி.மீ. நிற்காமல் பறந்திருந்தால் ஐந்தரை நாட்களே போதுமானவை. எஞ்சிய நாட்கள் எரிபொருள் நிரப்பவும், பழுது பார்க்கவும், உறங்கவும், வானிலைக்காகக் காத்திருக்கவும் செலவாயின. லண்டனுக்கும் டார்வினுக்கும் இடையேயான நேர்த்தொலைவு ஏறத்தாழ 13,900 கி.மீ. மட்டுமே. இறங்குதளங்களைத் தொட்டுச் சென்றதால் வழி நீண்டது. 2018 மார்ச் மாதத்தில் பெர்த்திலிருந்து லண்டனுக்குத் தொடங்கப்பட்ட இடைநில்லா விமானச் சேவை, ஏறத்தாழ 14,500 கி.மீ. தொலைவைச் சுமார் 17 மணி நேரத்தில் கடந்தது.

பிற்காலப் பயணங்கள்

1931 இல் ஜாக் ஹம்ஃப்ரிஸ் என்பவருடன் மாஸ்கோ வழியாக டோக்கியோ சென்று சாதனை படைத்தார். 1932 இல் விமானி ஜிம் மொல்லிசனை மணந்தார். 1938 இல் மணமுறிவு ஏற்பட்டது. 1932, 1936 ஆகிய ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவுக்கான பயண நேரச் சாதனைகளையும் நிகழ்த்தினார்.

இறப்பு

இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் துணைப்படையில் இணைந்தார். 1941 ஜனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள தளத்திற்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவுள்ள இப்பயணம் ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்திருக்க வேண்டும். மோசமான வானிலையில் வழி விலகி, மூன்று மணி நேரத்திற்கும் மேலான பின்னர் தேம்ஸ் கழிமுகத்தில் வான்குடை மூலம் குதித்தார். மீட்பதற்காக நீரில் பாய்ந்த கடற்படை அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை.

ஜேசன் விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.