லெக்லாஞ்சியும் அப்பாவின் டார்ச் லைட்டும்



எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் மூணு கட்டை டார்ச் லைட் கிடந்தது. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகையில் அவர் கையில் இருந்தது. அவர் காலமானபின் யாரும் தொடவில்லை. போன லீவில் எடுத்து மூடியைத் திருகினேன், அசையவில்லை. ஒருவழியாகக் கழற்றிப் பார்த்தா, கட்டைகள் பொங்கி, ஸ்பிரிங் பூராவும் வெள்ளையும் பச்சையுமாய்ப் பொடி! கட்டையைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம்தான் முதலாண்டு கெமிஸ்ட்ரியில் மனப்பாடம் செய்த லெக்லாஞ்சி மின்கலம் ஞாபகம் வந்தது. படம் வரைந்து மார்க் வாங்கினோமே, அந்த மனுஷன் யார்? தேடிப் படித்தேன்.

ஜார்ஜ் லெக்லாஞ்சி 1839-ல் பிரான்ஸ் நாட்டில் பிறந்தார். பாரிஸில் 1860-ல் பொறியியல் படிப்பை முடித்து ரயில்வே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்து மின்கலங்கள் பலவற்றில் கடும் அமிலம். பராமரிப்பதே பெரும் பாடு. 1866-ல் அவர் புது வழி கண்டார். கண்ணாடி ஜாடியில் நவச்சாரக் கரைசல், அதில் துத்தநாகத் தண்டு. நுண்துளை மண்பாத்திரத்துக்குள் கார்பன் தண்டு, அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடு. அவ்வளவுதான், ஒன்றரை வோல்ட்! பெல்ஜியம் நாட்டுத் தந்தித்துறை அதை ஏற்றது. வீட்டு அழைப்பு மணிகளும் அதனால் ஒலித்தன. 1882-ல், 43 வயது நிறையுமுன்னே, பாரிஸில் மறைந்தார்.

நாலு வருஷம் கழித்து, 1886-ல், ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் அதை உலர் மின்கலமாக்கினார். கண்ணாடி ஜாடி போயிற்று, துத்தநாகமே பாத்திரமாயிற்று. விஷயமே இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் தரத்தர அந்தப் பாத்திரம் கரைகிறது. தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டால் ஓட்டை விழுந்து மருந்து கசிகிறது. நமக்காகத் தன்னையே கரைத்துக் கொண்டதைத் திட்டுவது நியாயமா? எடுத்து வைக்காத குற்றம் என்னுடையது!

சரி, சுத்தம் செய்வோம். கையுறை போட்டுக்கொண்டு கட்டைகளை எடுத்தேன். பொடி முகத்தில் பறக்காமல் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டினேன். சாதாரணக் கட்டையின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதனால் ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைத்தேன். ஆல்கலைன் கட்டை என்றால் கசிவது காரம். அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு ஈரத்துணி, நன்கு காயவைத்தல், கடைசியில் ஸ்பிரிங்கையும் தகட்டையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தல்.

புதுக் கட்டை போட்டு அழுத்தினேன். எரிந்தது! அம்மா ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனார். வெளிச்சம் அசைந்து அசைந்து போயிற்று.

தோழர்களே, லீவுக்கு ஊருக்குப் போனதும் பரணைப் பாருங்கள். அங்கே கிடக்கும் ரேடியோவிலோ கடிகாரத்திலோ கட்டை இருந்தால், அதை இன்றே எடுத்துவிடுங்கள். லெக்லாஞ்சிக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.

— இறுதியாண்டு மாணவன், மின்னியல் பிரிவு